திரும்பும் வழியை முதலில் எழுதுங்கள்: மோசல் ஆற்றோரம் வீட்டுவண்டியும் மிதிவண்டியும்

படிப்பை முடித்து வேலையில் அமர்ந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நம் பட்டதாரிகள் பலருக்கு எழும் ஆசைகளுள் ஒன்று ஐரோப்பியப் பயணம். பெரும்பாலோர் சுற்றுலா நிறுவனத்தின் வழியாகப் போகிறார்கள். பத்து நாளில் ஏழு நகரங்கள், காலை ஆறு மணிக்குப் பேருந்து, கோபுரத்தின் முன் ஒரு படம், பிறகு மீண்டும் பேருந்து. அதுவும் பயணம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே ஆற்றின் கரையில் பன்னிரண்டு நாள் தங்கி, மிதிவண்டியில் ஊர் ஊராகப் போய், இரவில் நம் கையால் சோறு சமைத்துச் சாப்பிடும் பயணமும் உண்டு. அதைத் திட்டமிடுவது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நானும் என் மனைவியும் தம்பியும் அப்பாவும் ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இப்படிப் பயணம் செய்தோம். அப்பாவுக்கு அப்போது வயது 68. இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்து லயத்திலிருந்து ரப்பர் ஆலைக்கு முப்பது ஆண்டுகள் மிதிவண்டியில் போய் வந்தவர் அவர். "நீங்க மூணு பேரும் ஓட்டுங்க, நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கேன்" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவரை அப்படி உட்கார வைக்காமல் அழைத்துப் போக முடியுமா என்பதுதான் எங்கள் திட்டத்தின் உண்மையான கேள்வியாக இருந்தது. எட்டு மாதங்கள் வரைபடத்தோடு உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை உள்ளேயே அமைந்த ஊர்தியை மோட்டார்ஹோம் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை வீட்டுவண்டி என்றே குறிப்பிடுகிறேன்.

ஏன் மோசல்?

மோசல் ஆறு பிரான்சின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாக ஓடி, பிறகு ஜெர்மனிக்குள் நுழைந்து கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 544 கி.மீ. இதில் டிரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரையுள்ள பகுதியே மிதிவண்டிப் பயணத்திற்குப் பெயர் பெற்றது.

வரைபடத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேர்க்கோடு போட்டால் 100 கி.மீ.கூட வராது. ஆற்றோடு போனாலோ 190 கி.மீ.க்கும் மேல். காரணம், ஆறு பாம்பு போல் வளைந்து வளைந்து செல்கிறது. பல இலட்சம் ஆண்டுகளாக இந்நிலப்பகுதி மெல்ல உயர்ந்துகொண்டே வந்தபோது, ஏற்கெனவே வளைந்து ஓடிக்கொண்டிருந்த ஆறு தன் பாதையை விடாமல் பாறையை அறுத்துக்கொண்டே கீழே இறங்கியது. அதனால்தான் இருபுறமும் செங்குத்தான மலைச்சரிவும், நடுவே குறுகலான சமதளமும் அமைந்தன. சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெப்பத்தை விடும் பலகைக்கல் மண் இங்கே திராட்சைக்குத் துணை செய்கிறது. பிரெம் என்னும் ஊரின் மேலுள்ள கால்மொன்ட் சரிவு ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுள் ஒன்று.

மிதிவண்டி ஓட்டுபவருக்கு முக்கியமான செய்தி வேறொன்று. 1956-இல் பிரான்சும் ஜெர்மனியும் லக்சம்பர்க்கும் ஓர் உடன்படிக்கை செய்து, பெரிய சரக்குப் படகுகள் செல்லும்படி மோசலை அணைகட்டிச் சீரமைத்தன. 1964-இல் இந்நீர்வழி திறக்கப்பட்டது. டிரியர் முதல் கோப்லென்ஸ் வரை மட்டும் பத்து இடங்களில் அணையும் படகு ஏற்றியிறக்கும் மதகும் உண்டு. இவ்வளவு தூரத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 60 மீட்டர்தான் இறங்குகிறது. கரையோரப் பாதையும் அதே அளவுக்குத்தான் இறங்குகிறது. ஆகவே ஆற்றின் போக்கிலே போனாலும் எதிர்த்துப் போனாலும் காலுக்கு வேறுபாடு தெரியாது. மலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு மலையேறாமல் ஓட்டக்கூடிய பாதை இது. அப்பாவை மனத்தில் வைத்து நான் மோசலைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

முதல் கேள்வி: எப்படித் திரும்புவது?

மிதிவண்டியில் மட்டும் போகிறவர் மாலையில் எந்த ஊரை அடைகிறாரோ அங்கேயே தங்கிவிடலாம். வீட்டுவண்டியில் மட்டும் போகிறவர் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இரண்டையும் சேர்த்துக்கொண்டு போகிறவருக்கோ ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. காலையில் வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு 40 கி.மீ. ஓட்டினால், மாலையில் படுக்கையும் சோறும் 40 கி.மீ. பின்னால் இருக்கும். ஒருவர் தினமும் வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் போகலாம். அப்படியானால் அவர் மிதிவண்டி ஓட்ட முடியாது. போன வழியே திரும்பலாம். அப்படியானால் பார்ப்பது பாதி, களைப்பு முழுதும்.

இதற்கு விடை இரயில். கோப்லென்சுக்கும் டிரியருக்கும் இடையிலான இரயில் பாதை 1879-இல் திறக்கப்பட்டது. இதன் வட்டார இரயில்களில் மிதிவண்டியோடு ஏறலாம். எந்த நேரத்தில் கட்டணமின்றி ஏற்றலாம் என்ற விதியைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போவோர் கூட்டம் இருக்கும் என்பதால் நாங்கள் ஒன்பது மணிக்குப் பிறகே ஏறினோம்.

ஆனால் இந்த இரயில் பாதை ஆற்றங்கரை முழுவதும் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் திட்டம் தெளிவாகிவிடும்.

முதலாவது, கோப்லென்சிலிருந்து கோக்கெம் வரை ஏறத்தாழ 50 கி.மீ. இங்கே இரயில் ஆற்றை ஒட்டியே வருகிறது. சில கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் உண்டு. களைத்துவிட்டால் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கோக்கெமிலிருந்து எல்லர் வரை. இங்கே ஆறு ஒரு பெரிய வளையம் போடுகிறது. கரையோரமாகப் போனால் ஏறத்தாழ 20 கி.மீ. இரயிலோ மலையைக் குடைந்து நேரே போய்விடுகிறது. 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் சுரங்கப்பாதையின் நீளம் 4.2 கி.மீ. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜெர்மனியின் மிக நீளமான இரயில் சுரங்கம் இதுவாகவே இருந்தது. சில நிமிடங்களில் அந்தப் பக்கம் இறங்கி, அரை நாளில் வளையத்தைச் சுற்றிக் கோக்கெமுக்கே வந்து சேரலாம்.

மூன்றாவது, புல்லாய் என்னும் ஊருக்கு அப்பால். முதன்மை இரயில் பாதை இங்கே ஆற்றைக் கடந்து, சற்றுத் தூரத்தில் மலைக்குள் புகுந்து ஆற்றை விட்டு விலகிவிடுகிறது. ஒரு கிளைப்பாதை மட்டும் டிராபன்-டிராபாக் வரை வருகிறது. அங்கிருந்து டிரியருக்கு அருகிலுள்ள ஷ்வைக் வரை ஆற்றோரம் ஏறத்தாழ 70 கி.மீ. தூரத்திற்கு இரயிலே இல்லை. ஒரு காலத்தில் இங்கும் ஒரு சிறிய இரயில் ஓடியது. 1960களில் அது நிறுத்தப்பட்டது. இப்பகுதியில் திரும்புவதற்குக் கோடையில் ஓடும் மிதிவண்டிப் பேருந்தையும் பயணப் படகையும்தான் நம்ப வேண்டும். இரண்டும் நேரம் பார்த்து வருபவை.

இந்த மூன்று பகுதிகளும் புரிந்ததும் எங்கள் பயண வரிசை தானாகவே அமைந்தது. உடல்நிலை உறுதியாகத் தெரியாதவரை வைத்துக்கொண்டு இரயில் இல்லாத பகுதியில் தொடங்கக்கூடாது. நிலையங்கள் நெருக்கமாக உள்ள கோப்லென்ஸ் பக்கத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்து மேலே போக வேண்டும்.

இன்னொரு விதியையும் வைத்துக்கொண்டோம். முடிந்தவரை காலையில் இரயிலில் போய்விட்டு, மிதிவண்டியில் வீட்டுவண்டியை நோக்கித் திரும்புவது. காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது இரயில் நேரத்தைப் பிடிப்பது எளிது. மாலையில் இரயிலைத் தவறவிடுவோமோ என்ற கவலை இல்லை. ஓட்டி முடிக்கும் இடமே வீடு.

பன்னிரண்டு நாள் திட்டம்

முதல் நாள் பிராங்க்பர்ட்டில் இறங்கி விமான நிலையத்துக்கு அருகிலேயே விடுதியில் தங்கினோம். பதின்மூன்று மணி நேரம் பறந்துவிட்டு, பழக்கமில்லாத ஏழு மீட்டர் வண்டியைச் சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டுவது ஆபத்து. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு அந்த ஓர் இரவு ஓய்வு கட்டாயம்.

இரண்டாம் நாள் வண்டியைப் பெற்றுக்கொண்டு, கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கி, கோப்லென்சுக்கு அருகிலுள்ள வின்னிங்கனுக்குப் போனோம். அங்கே ஆற்றுத் தீவு ஒன்றில் முகாமிடம் உள்ளது. மூன்று இரவு தங்கினோம். மூன்றாம் நாள் இரயிலில் ஹாட்சன்போர்ட் வரை போய் அங்கிருந்து 20 கி.மீ.க்கும் குறைவாக ஓட்டித் திரும்பினோம். அப்பாவுக்கு அது சோதனை ஓட்டம். நான்காம் நாள் கோக்கெம் வரை இரயிலில் போய் 40 கி.மீ. ஓட்டித் திரும்புவது திட்டம்.

ஐந்தாம் நாள் வீட்டுவண்டியைக் கோக்கெமுக்கு நகர்த்தி இரண்டு இரவு தங்கினோம். ஆறாம் நாள் எல்லரிலிருந்து தொடங்கும் வளையம். வழியில் பைல்ஷ்டைன் என்ற சிற்றூர் அக்கரையில் இருக்கிறது. படகில் கடந்து பார்த்துவிட்டு வரலாம்.

ஏழாம் நாள் பெர்ன்காஸ்டல்-கூஸ். இங்கே மூன்று இரவு. எட்டாம் நாள் டிராபன்-டிராபாக் வரை ஆற்றோடு ஓட்டிப் போய், படகில் மிதிவண்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஆற்று வழி 20 கி.மீ.க்கு மேல். மலைக்கு மேலே நடந்து கடந்தால் ஏழு கி.மீ. அளவுதான். அந்த அளவுக்கு ஆறு சுற்றிப் போகிறது. ஒன்பதாம் நாள் தம்பி மட்டும் மிதிவண்டிப் பேருந்தில் மலைமேலுள்ள டாவுன் நகருக்குப் போய், பழைய இரயில் தடத்தில் அமைத்த 58 கி.மீ. பாதையில் இறங்கி வந்தான். பெரும்பகுதி இறக்கம் என்றாலும் தொடக்கத்தில் கொஞ்சம் ஏற்றம் உண்டு.

நாங்கள் மூவரும் அன்று கூஸ் பகுதியில் இருந்தோம். 15-ஆம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் குசானஸ் நிக்கொலாஸ் 1401-இல் பிறந்த ஊர் அது. அவர் தம் சொந்த ஊரில் 33 ஏழை முதியவர்களுக்காக ஓர் இல்லம் அமைத்தார். 500 ஆண்டுகளுக்கும் மேலாகியும் அது இன்றும் முதியோர் இல்லமாகவே இயங்குகிறது. அதன் திராட்சைத் தோட்ட வருமானம் அதற்குத் துணையாக இருந்து வந்திருக்கிறது. தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அப்பா அந்த முற்றத்தில் நெடுநேரம் நின்றார். தோட்ட வருமானத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற செய்தியை அவர் மூன்று முறை என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பத்தாம் நாள் டிரியர். ரோமானியர் கட்டிய போர்ட்டா நிக்ரா வாயிலும், 2-ஆம் நூற்றாண்டுக் கல்தூண்கள் மேல் இன்றும் வண்டிகள் ஓடும் பாலமும் இங்கே உள்ளன. காரல் மார்க்ஸ் 1818-இல் பிறந்த வீடும் இங்கேதான். பதினோராம் நாள் பிற்பகல் பிராங்க்பர்ட் பக்கம் திரும்பி, அருகிலேயே இரவு தங்கினோம். வாடகை வண்டியைக் காலையிலேயே, கழுவி, கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். கடைசி நாள் காலையில் 200 கி.மீ. ஓட்டிக்கொண்டு வருவது வீண் பதற்றம்.

மொத்தத்தில் வீட்டுவண்டி ஓடியது ஏறத்தாழ 500 கி.மீ. இத்தகைய வண்டி 100 கி.மீ.க்கு 10 முதல் 12 லிட்டர் டீசல் குடிக்கும். 60 லிட்டருக்குள் பயணமே முடிந்துவிட்டது. வண்டியை அதிகம் நகர்த்தாத திட்டமே சிக்கனமான திட்டம்.

எடைக் கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பழமொழி. வீட்டுவண்டியில் எதைப் போட்டாலும் நிறுத்துப் போட வேண்டும். சாதாரண மகிழுந்து உரிமத்தோடு ஓட்டக்கூடிய வீட்டுவண்டியின் மொத்த எடை, ஆளும் பொருளும் சேர்த்து, 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் காவல்துறை நிறுத்தி அபராதம் விதிக்கலாம். அதைவிட முக்கியம், நிறுத்துதடை போட்டால் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓட்டுநர், எரிபொருள், எரிவாயு உருளை, சிறிதளவு தண்ணீர் உட்பட வண்டியின் எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதம் 500 கிலோ. மற்ற மூவர் 225 கிலோ. மூன்று சாதாரண மிதிவண்டிகள் 45 கிலோ. நால்வரின் பைகள் 80 கிலோ. உணவும் பாத்திரமும் 40 கிலோ. மடக்கு மேசை நாற்காலி 20 கிலோ. தொட்டியில் கூடுதலாக 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அது 80 கிலோ. கூட்டினால் 490 கிலோ. மீதம் வெறும் பத்து கிலோ!

இதில் 25 கிலோ எடையுள்ள மின்மிதிவண்டிக்கு இடமேது? பின்புறச் சட்டத்தின் தாங்குதிறனும் பல வண்டிகளில் 60 கிலோதான். ஆகவே நாங்கள் மூன்று சாதாரண மிதிவண்டிகளை மட்டும் வீட்டுவண்டியோடு வாடகைக்கு எடுத்தோம். அப்பாவுக்குரிய மின்மிதிவண்டியைத் தங்கிய ஒவ்வோர் ஊரிலும் தனியாக வாடகைக்கு எடுத்தோம். தண்ணீரைச் சாலையில் சுமக்காமல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பினோம். ஊரிலிருந்து மின்மிதிவண்டியின் மின்கலத்தைக் கொண்டுபோகலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தை எடுத்துச் செல்ல இயலாது. மின்மிதிவண்டியின் மின்கலமோ பெரும்பாலும் 400, 500 வாட்-மணி கொண்டது.

இன்னொன்று: "நான்கு பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் இருந்தால் நான்கு பேருக்கு இருக்கைவார் இருக்கும் என்று பொருளில்லை. இரண்டையும் தனித்தனியே கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது?

ஜெர்மனியில் வீட்டுவண்டிகளுக்கென்றே ஷ்டெல்பிளாட்ஸ் என்ற நிறுத்துமிடங்கள் உள்ளன. மோசல் கரையில் ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் ஒன்றைக் காணலாம். கட்டணம் முகாமிடத்தைவிடக் குறைவு, வசதியும் குறைவு. தண்ணீர் பிடிக்கவும் கழிவை ஊற்றவும் மின்சாரம் எடுக்கவும் இடமிருக்கும். குளியலறை எல்லா இடத்திலும் இருக்காது. பலவற்றில் முன்பதிவு கிடையாது. காலையில் கிளம்புகிறவர்கள் விட்டுச் சென்ற இடத்தை நண்பகலுக்குள் போய்ப் பிடிப்பதே முறை. நாங்கள் முகாமிடத்தையும் ஷ்டெல்பிளாட்சையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம்.

பொது வாகன நிறுத்துமிடத்தில் ஓட்டுநரின் களைப்புத் தீர ஓர் இரவு தூங்கிவிட்டுப் போக அனுமதி உண்டு. ஆனால் வெளியே நாற்காலி போட்டு உட்காருவதும் பந்தல் விரிப்பதும் கூடாது. அது முகாமிடுவதாகக் கருதப்படும்.

கழிப்பறைப் பெட்டி நான்கு பேருக்கு இரண்டு நாள் தாங்கும். அதை உரிய இடத்தில் மட்டுமே ஊற்ற வேண்டும். யார் ஊற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் தம்பிக்கும் எனக்கும் முறை போட்டிருந்தோம்.

சமையல் செய்வோருக்கு ஒரு கணக்கு. நிறுத்துமிடத்தின் மின்இணைப்பு 6 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் எடுக்கலாம். 700 வாட் சோற்றுப்பானை தாராளமாக ஓடும். அதோடு 2,000 வாட் மின்கெண்டியைப் போட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். தண்ணீரை எரிவாயு அடுப்பில் கொதிக்க வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. நம் வீட்டுப் பாட்டுக் கச்சேரியை அங்கே வைத்துக்கொள்ள முடியாது.

வயதானவரை அழைத்துச் செல்வோர் கவனத்திற்கு

அப்பாவின் இருதய மருத்துவரிடம் முதலில் கேட்டோம். அவர் சோதனைகள் செய்து, எந்த அளவு உழைப்பு ஏற்றது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் ஆங்கிலப் படியும் மருந்துகளும், மருந்தின் உறையோடு, அப்பாவின் கைப்பையிலேயே இருந்தன. ஏற்கெனவே உள்ள நோயைப் பயணக் காப்புறுதி ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பல காப்புறுதிகள் அதை விலக்கிவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர எண் 112.

மின்மிதிவண்டி என்றால் மிதிக்காமலே ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி மிதித்தால்தான் மின்விசை உதவும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அந்த உதவியும் நின்றுவிடும். எனவே அது உடற்பயிற்சிதான். ஆனால் மூச்சு வாங்காத உடற்பயிற்சி. புறப்படுமுன் மூன்று மாதம் அப்பா தினமும் மாலையில் தாமானைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகினார்.

நான்காம் நாள் எங்கள் திட்டத்துக்குச் சோதனை வந்தது. கோக்கெமிலிருந்து 20 கி.மீ.க்கு மேல் ஓட்டி ஹாட்சன்போர்ட்டை அடைந்தபோது அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். வலி ஏதும் இல்லை, களைப்புத்தான். "இதுக்கு மேல நேத்து ஓட்டின பாதைதானே? நான் ரயில்ல வர்றேன்" என்றார். நிலையம் பக்கத்திலேயே இருந்தது. என் மனைவியும் அவரோடு ஏறிக்கொண்டாள். நானும் தம்பியும் வின்னிங்கன் போய்ச் சேர்ந்தபோது தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளையும் சேர்த்தால் கோக்கெம் முதல் வின்னிங்கன் வரை முழுப் பாதையையும் அவர் ஓட்டிவிட்டார். அதை அவரே எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்!

நிலையமில்லாத பகுதியில் இதே களைப்பு வந்திருந்தால் அந்த நாள் வேறுவிதமாக முடிந்திருக்கும். அவர் அன்று வெட்கப்படாமல் "போதும்" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அப்படிச் சொன்னால் மற்றவர் பயணம் கெடாது என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

பத்திரமும் பருவமும்

மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தங்க விசா தேவையில்லை. அந்த ஷெங்கன் என்ற பெயரே மோசல் கரையிலுள்ள ஒரு லக்சம்பர்க் கிராமத்தின் பெயர். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில்தான் எல்லைச் சோதனைகளை நீக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியுள்ளது. எனவே விமான நிலையத்தில் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். புறப்படுமுன் நுழைவு விதிகளை அதிகாரபூர்வ இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஓட்டுநர் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். வண்டி வாடகை நிறுவனங்கள் குறைந்தபட்ச வயதும் உரிமம் பெற்ற ஆண்டுகளும் கேட்கும். இளங்கலை மாணவர்கள் இதை முதலில் விசாரிப்பது நல்லது. விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் படியுங்கள். வாடகைத் தொகை குறைவாகத் தெரியும் இடத்தில் இந்தத் தொகை பெரிதாக இருக்கக்கூடும்.

பருவம் என்றால் மே, ஜூன் மாதங்களும் செப்டம்பரும் ஏற்றவை. ஜூனில் பகல் ஏறத்தாழ 16 மணி நேரம் நீளும். செப்டம்பர் முதல் வார இறுதியில் பெர்ன்காஸ்டலில் திராட்சை மது விழா நடப்பதால் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. அதே தோட்டத்துத் திராட்சைச் சாறும் எங்கும் கிடைக்கும். குளிர்காலத்தில் மோசலில் வெள்ளம் வருவதுண்டு. 1993 டிசம்பரில் கரையோர ஊர்கள் பெரும் வெள்ளத்தில் மூழ்கின. வீடுகளின் சுவரில் வெள்ள மட்டத்தை ஆண்டோடு குறித்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். கரையிலுள்ள நிறுத்துமிடங்கள் தாழ்வானவை. எனவே எந்தப் பருவத்திலும் மழை நாள்களில் நீர்மட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

நிறைவாக

நண்பர்களே, மோசலுக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோனாவ் கரையோ லோவார் கரையோ, எந்த ஆறாக இருந்தாலும் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் ஒவ்வொரு நாளும் எங்கே போவது என்று எழுதுமுன், மறுபக்கம் எங்கிருந்து எப்படித் திரும்புவது என்று எழுதுங்கள். இரயிலா, பேருந்தா, படகா, எத்தனை மணிக்கு, எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை என்பவை தெரிந்த பிறகு, எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பது தானே தெளிவாகும்.

அத்தாளில் இன்னொன்றையும் எழுதுங்கள். உங்களில் மிக மெதுவாக ஓட்டுபவர் யார்? அவரை வைத்துத் திட்டம் போட்டால் வேகமாக ஓட்டுபவருக்கு எந்த நட்டமும் இல்லை. அவர் இன்னும் பத்து கி.மீ. கூடுதலாக ஓட்டிவிட்டு வரலாம், என் தம்பியைப் போல. வேகமானவரை வைத்துத் திட்டம் போட்டால், மெதுவானவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். நம் வீடுகளில் அப்படி "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். அடுத்த விடுமுறைக்கு அவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.